மீட்டர் நகராத நாள்

இணையத்தில் பழைய கார்களை ஏலம்விடுகிற ராஜசக்கரம் மின்னேல மன்றத்தின் விதிப்புத்தகம் நாற்பத்தேழு பக்கம். அதில் 'விற்பனை' என்ற சொல் ஓரிடத்திலும் கிடையாது. பழைய காரை விற்பவருக்குப் பெயர் காவலர். வாங்குபவருக்குப் பெயர் வருங்காலக் காவலர். இடையில் கைமாறும் பணத்துக்குப் பெயர் மரியாதைத் தொகை. அந்த மரியாதையில் நூற்றுக்குப் பன்னிரண்டை மன்றம் தன் மரியாதைக்காக எடுத்துக்கொள்ளும்.

குற்றாலத்தில் இருபத்தெட்டு வருஷமாக ஜீப்பும் வேனும் பழுதுபார்க்கிற பலவேசத்துக்கு இந்த மரியாதையெல்லாம் தெரியாது. அவருக்கு வேண்டியது ஒன்றே ஒன்று. அவர் மனைவி மாரிச்செல்வி எழுந்து நடக்க வேண்டும். போன வருஷம் சாரல் ஆரம்பித்த வாரத்தில் வாசற்படியில் வழுக்கி விழுந்தவள்தான். இடுப்பு மூட்டு நொறுங்கிவிட்டது. ஆணி வைத்துப் பார்த்தார்கள், நிற்கவில்லை. பதினான்கு மாதமாகப் படுத்த படுக்கை. மூட்டையே மாற்றினால் நடப்பாள், நாலரை லட்சம் ஆகும் என்று மதுரை டாக்டர் சொல்லிவிட்டார்.

வீட்டில் அந்த விலைக்கு இருந்தது ஒரே பொருள். 1969ஆம் வருஷத்து மஸ்டாங் கார்.

குற்றாலத்துக்கு அமெரிக்கக் கார் எப்படி வந்தது என்று கேட்பீர்கள். ஏலக்காய் எஸ்டேட் முதலாளி ஒருவர் ஆசைப்பட்டுக் கப்பலில் வரவழைத்தார். மலைப்பாதையில் நாலே தடவை ஓட்டிவிட்டு, உயிர்மேல் ஆசை வந்து, செங்கோட்டையில் ஒரு கொட்டகைக்குள் போட்டுப் பூட்டினார். அவர் காலத்துக்குப் பிறகு அது பழைய இரும்புக் கடைக்கு வந்தது. பலவேசம் எடைக்கு வாங்கினார். அசல் எஞ்சின் பெட்ரோலைக் குடம் குடமாகக் குடித்தது. அதைக் கழற்றிவிட்டு ஜீப்பின் டீசல் எஞ்சினை வைத்தார். கழற்றிய எஞ்சினை வீரகேரளம்புதூர் சுடலையாண்டி வாங்கிக்கொண்டுபோய், சாண எரிவாயுவில் ஓடும்படி மாற்றி, கிணற்றில் பம்புசெட்டாக வைத்தார். இன்றைக்கும் ரெண்டு ஏக்கர் நெல்லுக்கு அதுதான் தண்ணீர் இறைக்கிறது.

காருக்கு பஸ் பச்சை பெயிண்ட். மாரிச்செல்வி விழுந்த பிறகு டிரைவருக்குப் பக்கத்து முன்சீட்டைப் பிடுங்கி எறிந்துவிட்டு, ஆம்னி பஸ்ஸிலிருந்து எடுத்த படுக்கை ஒன்றைப் போட்டார். ஸ்டியரிங் இடதுபக்கம் என்பதால் வலதுபக்கக் கதவை அகலப்படுத்தி, எதிர்த்திசையில் திறக்கும்படி மாற்றினார். இடுப்பை மடக்காமல், வலியில் கத்தவிடாமல், அவளை நேராகப் படுக்கவைத்துக் கொண்டுபோக ஊரில் அது ஒன்றுதான் வண்டி. அதைத்தான் விற்க வேண்டும்.

மன்றத்தைக் கண்டுபிடித்தவள் பக்கத்துக் கடை நூர்நிஷா. ஜெராக்ஸ், ரீசார்ஜ், ஆதார் திருத்தம் எல்லாம் அவளிடம்தான். "அண்ணாச்சி, இதே காரு பெங்களூருல முப்பது லட்சத்துக்குப் போயிருக்கு. நம்மளுது பச்சையா இருந்தா என்ன? பத்து லட்சமாவது வராதா?" என்று அவளே விண்ணப்பத்தை நிரப்பினாள். அதில் 'காவலர் கதை' என்று வண்டியின் வரலாற்றுக்கும் ஓர் இடம் இருந்தது.

மூன்றாம் நாள் மன்றத்திலிருந்து போன் வந்தது. பேசியவர் ரவி. காவலர் உறவு மேலாளர்.

"பலவேசம் சார், உங்க காவலர் கதையை வாசிச்சோம். நல்லாயிருக்கு. ஆனா அதுல கண்ணீர் இல்ல."

"கண்ணீரு எதுக்குத் தம்பி? வண்டி நல்லாத்தான ஓடுது?"

"பாரம்பரிய வாகனம்னா அதுல ஒரு அப்பா இருக்கணும் சார். தாத்தா இருந்தா இன்னும் விசேஷம்."

"எங்க அப்பா ஒரு சைக்கிள்கூட வச்சிருந்ததில்ல. வயக்காட்டு வேல."

"அருமை. வயல்ல நின்னபடி இந்தக் கார் போறதைப் பார்த்து ஏங்கினார்னு வச்சுக்கலாம்."

"அவரு செத்து முப்பது வருஷம். காரு என்கிட்ட வந்தே பத்தொம்பது வருஷந்தான் ஆவுது."

"தேதி போடமாட்டோம் சார்."

அப்படியாக பலவேசத்தின் அப்பா செத்துப் பதினோரு வருஷம் கழித்து ஒரு காரைப் பார்த்து ஏங்கினார். பலவேசம் தன் கையால் எழுதியிருந்தது ஒரே வரி: 'என் மனைவியின் சிகிச்சைக்காக விற்கிறேன்.' அந்த வரியை மட்டும் ரவி எடுத்துவிட்டார். "நோய் நம்ம பிராண்டுக்குப் பொருந்தாது சார். அவசரத்துக்குக் கொடுக்கறார்னு தெரிஞ்சா மரியாதையும் குறையும்" என்று விளக்கினார்.

அடுத்தது புகைப்படம். விதி பத்தொன்பதின்படி நூற்று எண்பத்தாறு படம் வேண்டும். எந்தப் படத்திலும் வண்டிமேல் ஒரு சொட்டுத் தண்ணீர் இருக்கக் கூடாது. தண்ணீர் நெளிசலை மறைக்குமாம். அப்போது ஆடி மாதம். குற்றாலத்தில் காயப்போட்ட துண்டு நாலு நாளானாலும் ஈரமாகவே கிடக்கிற காலம்.

"இங்கன சாரலு தம்பி. ஆவணி வரைக்கும் எதுவும் காயாது" என்றார் பலவேசம்.

"நின்னதும் எடுங்க சார்."

"சாரலு நிக்கும்னு நம்பியா ஊரு பூரா லாட்ஜு கட்டி வச்சிருக்கான்?"

ரவி விதியை மறுபடியும் வாசித்துக் காட்டினார். வேறு வழியில்லை. மேற்கே மலை நனைந்துகொண்டிருக்க, கிழக்கே வீரகேரளம்புதூரில் புழுதி பறந்தது. காரை அங்கே சுடலையாண்டி வயலுக்கு ஓட்டிக்கொண்டுபோய், மண் தெரிய, வெயில் தெரிய, நூற்று எண்பத்தாறு படமும் எடுத்தார்கள். நூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் காருக்குப் பின்னால் கிணற்றுமேட்டில் அந்தப் பழைய எஞ்சினும் விழுந்துவிட்டது. நெற்றியில் திருநீறு, கழுத்தில் காய்ந்த மாலை. போன ஆயுதபூஜையில் சுடலையாண்டி போட்டது.

ஏலம் ஏழு நாள். தொடங்குகிற அன்றைக்குக் கூரியரில் ஈயமுத்திரைகள் வந்தன. ரவி வீடியோவில் பார்த்துக்கொண்டிருக்க, மீட்டர் கேபிளின் இரண்டு முனைகளிலும் பலவேசமே முத்திரை வைத்தார். மீட்டர் மைல் கணக்கு. 61,427. கடைசியில் சின்னதாக ஒரு மூன்று.

"விதி முப்பத்தொன்று சார். ஏழு நாளும் இந்த எண் அசையக் கூடாது. அசைந்தால் ஏலம் ரத்து, ஆயுளுக்கும் தகுதியிழப்பு. தினம் சாயங்காலம் நாலு மணிக்கு மீட்டரை எங்களுக்குக் காட்டணும். வண்டி உங்க வீட்டுக் கொட்டகையிலயே நிக்கணும்."

"ஒரு அவசரம்னா?"

"அவசரத்துக்கு உட்பிரிவு கிடையாது சார். அவசரமா எதுவும் நடக்கக் கூடாதுன்னுதான் விதியே வச்சிருக்கோம்."

நாலு மணிச் சடங்குக்கு நூர்நிஷா மீட்டர் தரிசனம் என்று பெயர் வைத்தாள். தினமும் அவள் போனைப் பிடிக்க, பலவேசம் டார்ச் அடிக்க, ரவி அந்தப் பக்கத்திலிருந்து எண்ணை உரக்க வாசித்துப் பதிவு செய்துகொள்வார். உள்ளேயிருந்து மாரிச்செல்வி, "இன்னைக்கு சாமி என்ன சொல்லுது?" என்று குரல் கொடுப்பாள். "அசையலட்டி" என்பார் பலவேசம். அந்த வீட்டில் இன்னும் சிரிக்கத் தெரிந்தவள் அவள்தான்.

மன்றத்தில் உறுப்பினர்கள் கேள்வி கேட்க ரசிகர் அவை என்று ஒன்று உண்டு. கேட்ட கேள்விக்கு ரெண்டு மணி நேரத்துக்குள் பதில் போடாவிட்டால் காவலரின் நம்பிக்கைப் புள்ளி குறையும். இடதுபக்கப் பின்சக்கர நட்டை எவ்வளவு இறுக்கத்தில் முடுக்கியிருக்கிறீர்கள் என்று ஒருவர் கேட்டார். கை வலிக்கிறமட்டும் என்று பலவேசம் எழுதினார். அசல் எஞ்சின் எங்கே என்று இன்னொருவர் கேட்டார். நூற்றுப் பன்னிரண்டாம் படத்தில் பின்னால் நிற்பதுதான், சாண வாயுவில் ஓடுகிறது, நெல் நன்றாக விளைகிறது என்று பதில் போட்டார். பொய் சொல்லிப் பழக்கமில்லாத மனுஷன்.

அன்றைக்கு ஒரே நாளில் நானூற்றுப் பன்னிரண்டு இரங்கல் செய்திகள் வந்தன. 'நெஞ்சு வெடிக்கிறது' என்று எழுதினார்கள். 'ஒரு மாவீரனுக்கு இந்த முடிவா' என்றார்கள். ஐதராபாத்தில் ஒருவர் அந்த எஞ்சினின் படத்துக்கு முன்னால் விளக்கேற்றி, விளக்கையும் படம் பிடித்து அனுப்பினார். மாடு என்ன இனம் என்று ஒருவர் விசாரித்தார். 'முன்சீட்டில் கட்டிலா? இந்தப் பாவத்தைச் செய்தவன் யார்?' என்று ஒருவர் கொதித்தார். அந்தக் கட்டிலில் படுப்பது யார், ஏன் படுத்திருக்கிறார் என்று நானூற்றுப் பன்னிரண்டு பேரில் ஒருவரும் கேட்கவில்லை.

ஆனாலும் ஏலம் ஏறியது. அஞ்சாம் நாள் ராத்திரி அஞ்சேகால் லட்சம். மன்றத்தின் மரியாதை போக ஆபரேஷனுக்குக் கூடிவந்துவிடும். பலவேசம் பதினான்கு மாதத்தில் முதல்தடவையாக முழுத்தூக்கம் தூங்கினார்.

ஆறாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் ரெண்டு மணி இருக்கும். மாரிச்செல்வி சோற்றுத் தட்டைத் தள்ளிவிட்டு நெஞ்சைப் பிடித்தாள். மூச்சு வாங்கியது. பேச்சு வரவில்லை. உதடு கண்ணெதிரே நீலமாகிக்கொண்டிருந்தது.

நூர்நிஷா ஆம்புலன்ஸுக்குப் போன் போட்டாள். அது அருவிப் பக்கம் ஒருவரை ஏற்றப் போய், சீசன் கூட்டத்து வண்டி வரிசைக்குள் சிக்கி நின்றது. நாற்பது நிமிஷமாவது ஆகும் என்று டிரைவரே அழாக்குறையாகச் சொன்னார். ஆட்டோவில் அவளை மடக்கி உட்காரவைக்க முடியாது.

பலவேசம் கொட்டகையைப் பார்த்தார். மறைக்க என்ன இருக்கிறது, ஒரு நிமிஷம் நின்றார். முழுசாக ஒரு நிமிஷம். அந்த மீட்டருக்குள் அவளுடைய கால் இருந்தது. வெளியே அவளுடைய உயிர் கிடந்தது. அந்த ஒரு நிமிஷத்துக்காக அவர் பிறகு எத்தனை நாள் தன்னையே செருப்பால் அடித்துக்கொள்ளாத குறையாகத் திட்டிக்கொண்டார் என்பது வேறு விஷயம்.

அவளைத் தூக்கிக்கொண்டுபோய் வண்டியில் படுக்கவைத்தபோது, அவள் அவர் சட்டையைப் பிடித்து இழுத்து, "வேண்டாம்... மீட்டரு..." என்றாள்.

"மீட்டரு நாசமாப் போட்டும், நீ மூச்ச விடுட்டி!" என்று கத்திவிட்டு வண்டியை எடுத்தார். நூர்நிஷா பின்னால் குந்தியபடி அவள் தலையைப் பிடித்துக்கொண்டாள். மேலகரம் வழியாகத் தென்காசி ஆஸ்பத்திரிக்கு ஆறு கிலோமீட்டர். பச்சை மஸ்டாங் எட்டு நிமிஷத்தில் போய் நின்றது.

ரொம்ப நாள் படுத்தே கிடந்ததில் காலில் ரத்தம் கட்டி, அது நெஞ்சுக்கு ஏறியிருக்கிறது என்றார் டாக்டர். "இன்னும் அரை மணி நேரம் கழிச்சு வந்திருந்தா நான் சொல்றதுக்கு ஒண்ணுமில்ல. இப்ப மருந்து வேலை செய்யுது. பிழைச்சுக்குவாங்க."

பலவேசம் வராந்தாவில் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அப்போது போனில் மணி அடித்தது. ராஜசக்கரத்தின் தானியங்கிச் செய்தி. 'அன்புக் காவலரே, இன்னும் ஐம்பது நிமிடங்களில் உங்கள் மீட்டரைச் சந்திக்க ஆவலோடு இருக்கிறோம்.'

வெளியே போய் மீட்டரைப் பார்த்தார். 61,431, சின்ன எண் சைபர். மூன்று மைலும் பத்தில் ஏழு பங்கும் ஓடியிருந்தது. நூர்நிஷாவும் வந்து எட்டிப் பார்த்தாள். "போச்சா அண்ணாச்சி?" என்றாள்.

பலவேசம் விரலால் மீட்டரைத் தட்டினார். பழைய மீட்டர். பல்சக்கரத்தில் ஓடுவது. முன்னால் ஓட்டினால் கூடும், பின்னால் ஓட்டினால் குறையும். ஊரில் எந்த மெக்கானிக்கும் அறிந்த சங்கதி. வீட்டுக்குப் போய் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சக்கரத்தைச் சுற்ற நேரமில்லை. "நீ மதினிகூட இரு" என்று சொல்லிவிட்டு வண்டியில் ஏறினார். ரிவர்ஸ் கியரைப் போட்டார்.

ஆறு கிலோமீட்டர். ஆஸ்பத்திரி வாசலிலிருந்து குற்றாலம் வரைக்கும், சீசன் ஞாயிற்றுக்கிழமையில், கழுத்தை ஜன்னலுக்கு வெளியே நீட்டி, பின்பக்கமாகவே போனார். எதிரே வந்தவர்கள் எல்லாம், அது எதிரே வருகிறதா விலகிப் போகிறதா என்று தெரியாமல் ரோட்டை விட்டு இறங்கினார்கள். உடம்பு பூரா எண்ணெயும் இடுப்பில் துண்டுமாக அருவிக்குப் போன ஜனங்கள் நின்று போனில் படம் எடுத்தார்கள். "ஏலே, அமெரிக்காவுல இப்படித்தான் ஓட்டுவாங்கபோல" என்று ஒருத்தன் விளக்கம் சொன்னான்.

மேலகரம் தாண்டியதும் போலீஸ்காரர் சுடலைமணி கையைக் காட்டி நிறுத்தினார். "என்ன அண்ணாச்சி இது? என்ன செய்யுதீக?"

"போன தூரத்தத் திரும்ப எடுக்கேன் சார்" என்றார் பலவேசம். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்துகொண்டிருந்தது. கழுத்து பிசகியதாலா, வேறெதனாலா என்று அவருக்கே தெரியவில்லை.

சுடலைமணி அவர் முகத்தைப் பார்த்தார். என்ன புரிந்ததோ, "எடுங்க. ஓரமா எடுங்க" என்று வழிவிட்டார்.

கொட்டகைக்குள் வண்டி நின்றபோது மணி மூணு அம்பத்தேழு. மீட்டரில் 61,427, சின்ன எண் நாலு. முற்றத்தில் முன்னால் தள்ளி, பின்னால் ஓட்டி, எஞ்சினை அணைத்துக் கையால் தள்ளி, மீண்டும் ரிவர்ஸ் போட்டு, மூன்று வந்து நின்றபோது போன் அடித்தது.

"அறுபத்தோராயிரத்து நானூற்று இருபத்தேழு, புள்ளி மூணு. அருமை சார்!" என்றார் ரவி. "உங்களை மாதிரி ஆட்கள்தான் மன்றத்தோட முதுகெலும்பு."

பலவேசத்தால் கழுத்தைத் திருப்ப முடியவில்லை.

பச்சைக் கார் பின்னால் போகிற வீடியோவை மறுநாள் காலைக்குள் ரெண்டு லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். உறுப்பினர் ஒருவர் புகார் கொடுத்தார். பதினோரு மணிக்கு மன்றத்தின் நேர்மைக் குழு வீடியோவில் கூடியது. மாரிச்செல்வியை வார்டுக்கு மாற்றியிருந்தார்கள். மூக்கில் குழாய், மடியில் கை. அவள் கட்டிலோரம் நின்றபடியே பலவேசம் விசாரணைக்கு ஆஜரானார். திரையில் தலைவர் தெரிந்தார். டை கட்டியிருந்தார். மேஜைமேல் பித்தளையில் ஒரு சின்னக் கார்.

"ராஜசக்கரத்துக்கு நேர்மைதான் சக்கரம்" என்று தொடங்கினார் தலைவர். "கண் ஏமாற்றும். வீடியோ ஏமாற்றும். மனிதன் ஏமாற்றுவான். மீட்டர் ஏமாற்றாது. நேற்று நாலு மணிக்கு மீட்டர் என்ன காட்டியது, மிஸ்டர் ரவி?"

"அசையலை சார்."

"எனவே வண்டி அசையவில்லை."

பலவேசத்துக்குப் பொறுக்கவில்லை. "ஐயா, வண்டி போச்சு. நான்தான் ஓட்டுனேன். என் வீட்டுக்காரிக்கு மூச்சு நின்னுரும்போல இருந்துச்சு. திரும்ப ரிவர்ஸ்ல வந்தேன். உள்ளதச் சொல்லுதேன்."

"மீட்டரில் பதிவாகாத பயணத்தைப் பற்றி மன்றம் கருத்துச் சொல்ல இயலாது."

"ஓட்டுனவன் நானே சொல்லுதேனே!"

"காவலரின் வாய்மொழி ஏற்கப்படாது. விதி பன்னிரண்டு." தலைவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மிஸ்டர் பலவேசம், உங்களுக்குப் புரியவில்லை. அந்த வீடியோ வந்த பிறகு மரியாதைத் தொகை ஒன்பது லட்சத்தைத் தாண்டிவிட்டது. இப்படிப்பட்ட நேரத்தில் நேர்மை விஷயத்தில் நாம் அவசரப்படக் கூடாது."

குழு தலையாட்டியது. கோப்பு மூடப்போகிற நேரத்தில் உறுப்பினர் ஒருவர் தொண்டையைச் செருமினார். ஒரு கட்டம் காலியாக இருக்கிறதாம். சம்பவ நாளில் காவலரின் மனைவி ரெண்டே காலுக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்ததாகப் புகாரில் இருக்கிறது. வண்டி போகவில்லை என்றால் அவர் எதில் போனார்? கட்டம் ஏழு நிரம்பாமல் கோப்பு மூடாது. கோப்பு மூடாமல் ஏலம் முடியாது.

"ஆம்புலன்ஸ் என்று எழுதலாம். வண்டி எண்ணும் ரசீதும் இணைக்க வேண்டும்" என்றார் தலைவர். "ஆட்டோ என்றால் ஆட்டோ எண். வண்டி இல்லாத பயணத்துக்கு ஆவணம் தேவையில்லை. பத்து நிமிடம் தருகிறோம்."

போனில் அந்தக் கட்டம் வந்து நின்றது. 'பயண முறை' என்று போட்டுக் கீழே ஒரு வெற்றிடம். பலவேசம் 'எங்கள் கார்' என்று எழுதினார். அழித்தார். அதை எழுதினால் ஏலம் ரத்து, அவள் சாகிறமட்டும் படுக்கைதான். வேறு எழுதினால் பொய். கேட்டதற்கெல்லாம் உள்ளதை உள்ளபடி எழுதிப் பழகிய கை மறுபடியும் 'எங்கள்' என்று எழுதியது, மறுபடியும் அழித்தது. பத்தில் ஏழு நிமிஷம் போய்விட்டது.

மாரிச்செல்வி மூக்குக்குழாயை ஒரு பக்கமாக விலக்கினாள்.

"என்னங்க. நடந்து வந்தேன்னு எழுதுங்க."

"என்னட்டி சொல்லுத?"

"அவுகளுக்கு வண்டி வரக்கூடாது, நான் வரணும். அம்புட்டுத்தான? நடந்துன்னு எழுதுங்க."

பலவேசம் எழுதினார். 'நடந்து.' பச்சை நிறத்தில் ஒரு டிக் விழுந்தது. திரையில் தலைவர் அதை வாசித்தார். முகம் மலர்ந்தது.

"ஆறு கிலோமீட்டர்! சாரல் மழையில்! மேடத்தின் ஆரோக்கியத்துக்கு மன்றத்தின் பாராட்டுகள். கோப்பு மூடப்படுகிறது."

திரை அணைந்தது. போர்வைக்கு வெளியே மாரிச்செல்வியின் பாதம் தெரிந்தது. பதினான்கு மாதமாக மண் படாமல் வெளுத்துக் கிடந்த பாதம். அதை ரெண்டு கையாலும் பிடித்துக்கொண்டு பலவேசம் விம்மி விம்மி அழுதார்.

"விடுங்க" என்றாள் மாரிச்செல்வி. "அம்புட்டுத் தூரம் நடந்து வந்த காலு. வலிக்குது."